வளையங்கள் அடங்கும் வரை

பனி விலகாத ஆற்று மடுவில், நீர்நாய்க் குட்டிகளுக்கு நாரை டீச்சர் நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். எல்லாக் குட்டிகளும் ஒன்றாகக் குதிக்கும். குமிழி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கரையிலேயே சுற்றிச் சுற்றி வருவாள்.

"வெள்ளம் வர்றதுக்குள்ள அவ நீந்தக் கத்துக்கணும். தண்ணியைத் தொடவே மாட்டேங்கிறா," என்று அவள் அம்மாவிடம் சொன்னாள் டீச்சர்.

"வீட்டுல நாள் பூரா தண்ணியிலதான் கிடக்கிறா. நீங்கதான் மிரட்டுறீங்க!" என்றாள் குமிழியின் அம்மா.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "நான் வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் இருவரும் குமிழியின் வீட்டருகே நாணல் மறைவில் நின்று பார்த்தார்கள். குமிழி ஒரு கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டாள். வளையங்கள் விரிந்து மறையும்வரை பார்த்திருந்தாள். பிறகு மெல்ல இறங்கினாள்.

"தினமும் இப்படித்தான். விளையாட்டுன்னு நினைச்சேன்," என்றாள் அம்மா.

"அங்க வகுப்புல நாங்க தண்ணியை அடங்கவே விடுறதில்லையே," என்றாள் டீச்சர்.

அடுத்த வகுப்புக்கு அம்மாவும் வந்தாள். டீச்சர் எல்லோரையும் நிற்கச் சொன்னாள். குமிழி கல்லைப் போட்டாள். கடைசி வளையமும் மறைந்து, தண்ணீரில் மேகம் மட்டும் மிதந்தது. குமிழி இறங்கி அக்கரை வரை நீந்தினாள்.

குதிக்க மறந்து நின்ற குட்டிகளில் ஒன்று மெதுவாகக் கேட்டது: "டீச்சர், நானும் ஒரு கல் போடட்டுமா?"