காற்றுப் பக்கம் ஒரு மூட்டை

அவன் மூன்றாவது படகையும் தட்டிப் பார்த்தான்.

தர்பூசணி வாங்குகிறவனைப் போல. உள்ளே என்ன இருக்கிறதென்று தட்டுகிறவனுக்கும் தெரியாது. தட்டாமல் வாங்கினால் மரியாதை இல்லை.

முதல் பாய்மரப் படகு ஒல்லி. திருவிழாப் பந்தயத்தில் பறக்கும். உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும்.

இரண்டாவது அகலம். படுத்துத் தூங்கலாம். பந்தயத்திலும் தூங்கும்.

“ரெண்டுக்கும் ஆகுற மாதிரி வேணும்” என்றான்.

படகை விற்கும் சந்தியாகு தலையைச் சொறிந்தான். “ஏண்ணே, ஓட்டப்பந்தயத்துக்குக் கட்டிலத் தூக்கிட்டா போவாங்க?”

வாங்க வந்தவனின் மனைவி பவுலின் கரையில் நின்றபடி தன் நிபந்தனையைச் சொன்னாள். “இவுக செயிக்கணும். நான் கால நீட்டணும். அம்புட்டுத்தான்.”

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பாயை விரித்தார்கள்.

பாயில் காற்று மோதினால் சின்னப் படகு ஒரு பக்கம் சாயும். நிமிர்த்த, காற்று வரும் பக்கம் பாரம் வேண்டும். சந்தியாகு அங்கே ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டான்.

வாங்க வந்தவன் அந்த மூட்டையையே பார்த்தான்.

போன வருஷத் திருவிழாப் பந்தயத்தில் அவன் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில், பவுலினின் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தான்.

ஊர் திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றுதான். ஒரு நடை கடலுக்குள் போய்வர வேண்டும்.

இரவல் படகு. ஒற்றைக் கையால் அவளைத் தூக்கிக் காற்றுப் பக்கம் உட்கார வைத்தான்.

அவள் ஏறியது படகுக்குத் தெரியவே இல்லை.

பக்கத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்தான். “முதுகுக்கு அண்டக் குடுத்துக்க” என்றான்.

சாய்ந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

இன்று தானாகவே ஏறினாள். கையில் சோற்றுத் தூக்குவாளி. மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தாள்.

பாய் புடைத்தது.

காற்று எவ்வளவோ தள்ளிப் பார்த்தது. படகு அதன் பேச்சைக் கேட்கவில்லை. மெல்ல, வெட்கமே இல்லாமல், பவுலின் பக்கம் சாய்ந்தது.

சந்தியாகு பதறினான். விற்கிற படகு சாயலாமா? “பாரம் கூடிப்போச்சுண்ணே. படகு மேல குத்தமில்ல. மதினிதான்…”

“மதினிதான்?”

“இல்லண்ணே…”

“சொல்லுடா.”

“மதினிதான் பாரம்.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“இதப் போய் ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப் பாரேன்” என்றாள் பவுலின்.

பந்தயத்தில் பாரம் குறைக்க மூட்டையைக் கடலில் தள்ளுமுன் பழுத்த ஆட்களே காற்றை முகர்ந்து முகர்ந்து பார்ப்பார்கள். தள்ளியது திரும்பி வராது. பிறகு காற்று கூடினால் படகு கவிழும்.

அவன் முகரவில்லை.

சுக்கானைச் சந்தியாகுவிடம் கொடுத்தான். மூட்டையைப் புரட்டிக் கடலில் தள்ளினான்.

“அண்ணே! என் மூட்டை!”

படகு நிமிர்ந்தது. நிமிர்ந்த கையோடு ஓட்டம் பிடித்தது.

“இதையே எடுத்துக்கிறேன்” என்றான்.

மூட்டை இருந்த இடத்தில் பவுலின் காலை நீட்டினாள்.

“போன வருசம் முதுகுக்கு அண்டக் குடுக்கன்னீக” என்றாள், கடலைப் பார்த்தபடி. “இப்ப எனக்கு முதுகு இல்லையாக்கும்?”