தபிதாவின் கைதிகள்

"அண்ணி, செத்தோம்! ஹெஸ்ஸியனுங்க வர்றானுங்க. நாலு பேர்!"

ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த தபிதா கத்தியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். நாத்தனார் மெர்சி சொன்னது சரிதான். நீலச் சட்டை, உயரமான பித்தளைத் தொப்பி, முறுக்கு மீசை. ஆங்கிலேய அரசர் கூலிக்குப் பிடித்து அனுப்பியிருந்த ஜெர்மன் சிப்பாய்கள். நியூஜெர்சியில் அவர்கள் பெயரைச் சொன்னால் அழுத பிள்ளையும் வாய் மூடும்.

தபிதாவின் கணவன் அமெரிக்க விடுதலைப் படையோடு எங்கோ பனியில் கிடந்தான். வீட்டில் இருந்தது இரண்டு பெண்கள், ஒரு பசு, சுவரில் ஒரு துப்பாக்கி.

"வாங்க, ஓடிடலாம்!"

"ஓடினா பசு? அடிச்சுத் தின்னுட்டுப் போயிடுவானுங்க. அந்தத் துப்பாக்கியை எடுடீ."

"அதுல வெடிமருந்தே இல்லையே அண்ணி!"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்? அவனுக்குத் தெரியுமா?"

கதவு இடிபட்டது. வெளியே புரியாத மொழியில் ஒரே கூச்சல். தபிதா கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். துப்பாக்கி முனை, முன்னால் நின்ற சார்ஜென்ட்டின் மூக்கில் போய் முட்டியது.

"கையைத் தூக்குடா!"

நாலு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"அண்ணி, தூக்கிட்டானுங்க!" மெர்சி துள்ளினாள். "இப்ப என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? இதுக்கு முன்னாடி யாரைப் பிடிச்சிருக்கேன்! அவனுங்க துப்பாக்கியைப் பிடுங்கு. ஊருக்கு ஓட்டிட்டுப் போவோம்."

பனி மூடிய பாதையில் ஊர்வலம் கிளம்பியது. சார்ஜென்ட் அடிக்கடி திரும்பி, நெஞ்சில் கை வைத்து, சத்தமாக ஏதோ சொன்னான்.

"திட்டறான் அண்ணி."

"திட்டட்டும். நடடா!" முதுகில் ஒரு குத்து விழுந்தது.

பாதி வழியில் நாலு பேரும் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"நம்மளைக் கொல்லப் போறதாப் பாடறானுங்களோ?"

"ராகம் நல்லாத்தான்டீ இருக்கு!"

மெர்சி களுக்கென்று சிரித்தாள். தபிதாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. சிரித்த சிரிப்பில் துப்பாக்கி கைநழுவப் பார்த்தது.

ஊரில் தேவாலய மணியை அடித்தார்கள். கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது. ஊர்க்காவல் படையின் கேப்டன் எஃப்ரெய்ம் வோக், தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பொம்பளைங்க செய்யற வேலையா இது? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்து பிடிச்சிருப்பேனே!"

"நீங்க வந்து சேர்றதுக்குள்ள என் பசு குழம்பாயிருக்கும் கேப்டன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெர்மன் தெரிந்த ரொட்டிக்கடை சீக்லரைக் கண்டதும் சார்ஜென்ட் மடமடவென்று கொட்டித் தீர்த்தான். கேட்கக் கேட்க, சீக்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"என்னய்யா சொல்றான்?" என்று அதட்டினார் கேப்டன்.

"படையை விட்டு ஓடி வந்தவங்களாம். எப்படியாவது சரணடையணும்னு நேத்துலேருந்து வீடு வீடாக் கதவைத் தட்டியிருக்காங்க. எல்லாரும் ஓடிட்டாங்களாம், இந்த அம்மா ஒருத்தங்கதான் திறந்தாங்களாம். இந்த சார்ஜென்ட் வழியெல்லாம் அவங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டே வந்திருக்கார்."

சீக்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் கேப்டன்... முதல்ல தட்டின வீட்டுல, ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு ஓடினவர் நீங்கதானாம்!"