கதவு யாரையும் நம்பவில்லை

"உங்களை நல்லவர்னு நீங்களே சொல்லிக்கிட்டா அது செல்லாதுங்க சார். வேற யாராச்சும் சொல்லணும்."

காவலாளி கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொறியாளன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவோரக் கருவியில் மறுபடியும் தேய்த்தான். மறுபடியும் சிவப்பு விளக்கு.

"அண்ணே, மூணு வருஷமா தினமும் என்னைப் பாக்குறீங்க."

"பாக்குறேன். பாத்தா நம்பிடலாமா? போன மாசம் எங்களை எல்லாம் உக்கார வச்சு வகுப்பு எடுத்தீங்களே. 'எங்கப்பாவே வந்து நின்னாலும், நாம நம்புற ஒருத்தர் சான்று சொல்லாம உள்ள விடாதீங்க'ன்னு. அப்படியே மனசுல பதிஞ்சு போச்சு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பொறியாளனுக்குத் தோன்றியது.

அந்தக் கதவு அவன் உருவாக்கியது. உள்ளே இருக்கும் கணினி சொன்னால்தான் கதவு திறக்கும். அந்தக் கணினி உண்மையானதுதான் என்பதற்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அது காலாவதியானால் கணினி சொல்வதைக் கதவு நம்பாது. அதற்குக் கெடு நேற்று ராத்திரியோடு முடிந்தது. அவனும் சாயங்காலமே புதுச் சான்றிதழைப் போட்டுவிட்டு, "முடிச்சாச்சு சார், நிம்மதியாத் தூங்குங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

போட்ட இடத்தில்தான் கோட்டை விட்டான். கதவை ஆளும் மென்பொருள் ஒரு கண்டெய்னருக்குள், அதாவது கணினியில் இருக்கும் அசலிலிருந்து எடுத்த ஒரு நகலுக்குள், ஓடுகிறது. தினமும் விடியற்காலையில் பழைய கண்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அசலிலிருந்து புதிதாக ஒன்று தானாகவே எழும்பும். அவன் அசலைத் தொடவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த நகலில் சான்றிதழைச் செருகிவிட்டுக் கிளம்பிவிட்டான். விடிந்ததும் புதுச் சான்றிதழ் குப்பைக்குப் போனது, காலாவதியானது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பல் தேய்க்கும்போதே விஷயம் புரிந்து, காலுக்கு ஒரு நிறத்தில் காலுறை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

இன்றைக்கென்று பார்த்து முதலாளி வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வருகிறார். அவர்கள் முன்னால் அவனைத் துறைத் தலைவராக அறிவிப்பதாக ஏற்பாடு. மாமியார் வீடு வரைக்கும் சேதி போயாகிவிட்டது. முதலாளிக்குத் தெரிவதற்குள் உள்ளே போய் இதைச் சரி செய்தாக வேண்டும்.

"சரி, சான்று தானே? என் மனைவி சொன்னா ஒத்துப்பீங்களா?" கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டான். "ஏம்மா, நான் நம்பிக்கையான ஆளுன்னு இந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"யாரு, நீங்களா? அடுப்பை அணைச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்க. பால் பொங்கி வழிஞ்சு இப்பதான் தொடைச்சுக்கிட்டு இருக்கேன்."

"வீட்டுக்காரம்மாவே நம்பலையே சார்," என்றார் காவலாளி வருத்தத்தோடு.

பொறியாளன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அவசரச் சாவி உங்க பொறுப்புல தானே இருக்கு? அதைப் போட்டுத் திறங்க. அஞ்சே நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது."

காவலாளி தொண்டையைச் செருமினார். "அவசரச் சாவின்னா சும்மாவா? முதலாளி வாயால சொல்லணும்." பிறகு சற்று இளகி, "நீங்க செஞ்ச கதவுதானே? வேற வழி ஏதாச்சும் இருக்குமே. நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றார்.

"வேற வழியே வைக்கலண்ணே. அதுக்குத்தான் பாதுகாப்புன்னு பேரு."

காவலாளி பெருமூச்சு விட்டார். கண்ணாடி வழியாக உள்ளே அவருடைய நாற்காலி தெரிந்தது. நாற்காலிமேல் அவர் தொப்பி இருந்தது. அதற்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தொப்பியைக் காற்று வாங்க விட்டுவிட்டு இந்த மனிதர் வெயிலில் நின்று கடமையாற்றுகிறாரே என்று எரிச்சலிலும் அவனுக்கு மரியாதை வந்தது.

இனி யோசித்துப் பயனில்லை. வாடிக்கையாளர்கள் வந்து கதவில் முட்டிக்கொண்டு நிற்பதைவிட, தானே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது மேல். முதலாளியை அழைத்தான்.

"சார், போன் போட வேணாம்," என்று காவலாளி பதறிக் கையைப் பிடித்தார். அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

அவன் ஒன்று விடாமல் ஒப்பித்தான். முதலாளி பேச ஆரம்பித்ததும் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"முடிச்சாச்சு, தூங்குங்கன்னு நேத்து எந்த வாயால சொன்னே? துறைத் தலைவர் பதவியை மறந்துடு. அது உன் பக்கத்து சீட்டுக்காரனுக்கு. போனைக் காவலாளிகிட்ட குடு."

காவலாளி இரண்டு கையாலும் வாங்கினார். "சரிங்கய்யா. இவரை உள்ள விட்டுடுறேங்கய்யா. இதோங்கய்யா."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அதான் முதலாளியே சொல்லிட்டாரே. திறங்கண்ணே," என்றான் பொறியாளன்.

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார்.

"சாவி அந்தத் தொப்பிக்கு அடியிலதான் இருக்கு சார். விடிகாலையில டீ குடிக்கலாம்னு வெளிய வந்தேன், அதுலேர்ந்து என் கார்டுக்கும் சிவப்புதான் எரியுது. நீங்க வந்து எப்படியாச்சும் திறந்துடுவீங்கன்னுதான் இவ்வளவு நேரம் இழுத்தடிச்சேன். இதை மட்டும் முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."