தப்பில்லாத இங்கிலீஷ்

‘ஷுட் ஹேவ்’ மட்டும் தனக்கோடியின் வாயில் நுழைய மறுத்தது.

“ஹேவை முழுங்காதீங்கக்கா. மறுபடி.”

ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சர் லாவண்யா விடுவதாக இல்லை. ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு இன்டர்வியூ, இந்த வாக்கியங்களை வைத்தே பழக்குங்கள் என்று கட்டட கம்பெனி மேனேஜர் கிஷோர் சொல்லியிருந்தார்.

தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டாள். “ஹீ வாஸ் டிரிங்கிங். ஹீ ஷுட் ஹேவ் வோர்ன் த பெல்ட்.”

“சூப்பர்க்கா! இன்டர்வியூல பின்னிடுவீங்க.”

“இன்டர்வியூவா? நாளைக்கு விசாரணை மிஸ். வர்ற ஆபீசருக்குத் தமிழும் தெரியாது, இந்த ஊரு கன்னடமும் தெரியாதாம்.”

“என்ன விசாரணை?”

“எங்க வீட்டுக்காரரு இந்தக் கம்பெனி கட்டடத்துல சாரத்துலேர்ந்து விழுந்து செத்துப்போனாரே, அதுக்குத்தான்.”

லாவண்யா அவள் கையைப் பிடித்தாள். “அக்கா... இதுக்கு அர்த்தம் தெரியுமா?”

“தெரியாம சொல்வேனா? கிஷோர் சார் சொன்னாரே. ‘அவரு குடிக்கவே மாட்டாரு, பெல்ட் போடாம மேல ஏறவே மாட்டாரு’ன்னு.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நெசந்தான் மிஸ். அவரு அப்படித்தான் இருந்தாரு.”