கைராசிக்காரர் செய்த முறை

மூன்றாவது ஆளும் திருடன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் புரூஃப் ரீடர் ஸ்டூலை ஜாக்கியில் ஏற்றியிருந்த காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கண். அதை மெக்கானிக்கின் கையை விட்டு எடுப்பதாக இல்லை.

காரின் பின்பக்கம் ஒரு மாதமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியில் ஆயிலை மாற்றியாயிற்று என்று இரண்டு ஒர்க்‌ஷாப்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ஊளை மட்டும் நிற்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி அது. நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் அதில் ஏறியாக வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

அதனால் இந்தத் தடவை துணைக்கு ஒரு வீடியோவைக் கொண்டு வந்திருந்தார். அதில் முகம் தெரியாது, பேச்சும் கிடையாது. இரண்டு கைகள் மட்டும் வேலை செய்யும், கீழே விளக்கம் எழுத்தாக ஓடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நேரமெல்லாம் பார்த்துப் பார்த்து, எந்த நொடியில் இடது கை ஸ்பேனரைத் திருப்பும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். அந்தக் கைகளுக்குக் 'கைராசிக்காரர்' என்று பெயர் வைத்தது மனைவி.

"மொதல்ல மேல் போல்ட்டைத்தான் கழட்டணும், தம்பி."

"தெரியும் சார்." மெக்கானிக்கின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எழுந்து நிற்பதற்கே காரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஏன்னு தெரியுமா?"

"கீழ தொறந்து பழைய ஆயிலை எறக்கிட்டு, அப்புறம் மேல் போல்ட் வர மாட்டேன்னு அடம் புடிச்சா, புதுசை எது வழியா ஊத்தறது? வண்டி இங்கயேதான் கெடக்கணும்."

பதில் சரி. வீடியோவில் ஓடிய எழுத்தும் கிட்டத்தட்ட அதுவேதான்.

மெக்கானிக் வலது கையில் டார்ச்சை அடித்துக்கொண்டு, நீளப் பிடி போட்ட ஸ்பேனரை ஓர் அழுத்து அழுத்தினார். போல்ட்டைச் சுற்றி இறுகியிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதை இதுவரைக்கும் யாருமே தொறக்கல சார். உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

முன்னால் பார்த்தவனைத் திட்டாத மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறான் என்று புரூஃப் ரீடர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

கீழ் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் தார் மாதிரி கறுப்பாக இறங்கியது. அழுகிய முட்டை நாற்றம். போல்ட்டின் நுனியில் இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் சேறாக அப்பியிருந்தது. மெக்கானிக் அதைத் துணியால் வழித்தெடுத்துத் துடைத்தார். புரூஃப் ரீடர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அப்போதுதான் மெக்கானிக் ஒரு டப்பாவைத் திறந்து, மோதிரம் போன்ற செம்பு வாஷர் ஒன்றைப் புதிதாக எடுத்தார்.

"நில்லுப்பா. அது எதுக்கு?"

"போல்ட்டுக்கு அடியில போடறது சார். பழசு நசுங்கிடுச்சு."

"பழசையே துடைச்சுப் போடு. கைராசிக்காரர் பழசைத்தான் போட்டாரு. இதோ பாரு." புரூஃப் ரீடர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். தேவையில்லாத சாமானைத் தலையில் கட்டப் பார்க்கும் வித்தை அவருக்குப் புதிதல்ல.

மெக்கானிக் போனைப் பார்க்கவில்லை. "அதைப் பாத்துட்டுத்தான் சார் எல்லாரும் வராங்க. அந்த எடத்துல மட்டும் அது தப்பு."

"ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க. அத்தனை பேருக்கும் தெரியாத தப்பு உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" புரூஃப் ரீடர் குரலை உயர்த்தினார். கோபம் பாதி, அலுப்பு பாதி. "நாளைக்கு என் சம்சாரத்தை இதுலதான் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு பேர் கதை விட்டாங்க, கேட்டுக்கிட்டேன். மூணாவதா நீயும் ஆரம்பிக்காதே. அவர் செஞ்ச மாதிரியே செய். இல்லேன்னா வண்டியை எறக்கிடு."

மெக்கானிக் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க சம்சாரம் இதுல வர்றதா இருந்தா, நீங்க என்ன திட்டினாலும் பழசைப் போட மாட்டேன் சார்," என்றார். "அந்த வீடியோல இருக்கற வண்டி போன வாரம் இங்க வந்துச்சு. கட்டி இழுத்துட்டு வந்தாங்க. வாஷர் ஓரமா சொட்டுச் சொட்டா ஒழுகி, உள்ள ஒரு பொட்டு ஆயில் இல்ல. போற போக்குல பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சாம். உள்ள ரெண்டு சின்னக் குழந்தைங்க. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்ல. அன்னியிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல சார்."

புரூஃப் ரீடர் அசரவில்லை. பிழை கடைசியில் அகப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

"ஊர்ல எத்தனையோ வண்டி. அது அதே வண்டிதான்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அதுல பழைய வாஷரை மாட்டினது நான்தான் சார்."