ஒரு சதுர அடி வீடு

பள்ளிக்கூடம் இருந்த அந்தப் பணக்காரத் தெருவில், கணக்கு டீச்சர் சுகுணவதி பதினேழு வருடம் சேர்த்த பணத்துக்கு ஒரே ஒரு சதுர அடி நிலம் கிடைத்தது. பத்திரம் பதிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே பால் காய்ச்சினாள். அடுப்பை வைத்ததும் வீடு நிறைந்துவிட்டதால், வீட்டுக்காரியும் விருந்தாளிகளும் தெருவில்தான் நின்றார்கள். பால் பொங்கி, பக்கத்து பங்களாவின் எல்லைக்குள் வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அடுப்பைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டு, சுகுணவதி வலது காலை வைத்து உள்ளே போனாள். இடது காலும் வந்து சேர்ந்துகொண்டது. சக ஆசிரியர்கள் பரிசளித்த சுவர்க்கடிகாரத்தை மாட்டச் சுவரில்லாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"காத்து நல்லா வருது டீச்சர்," என்றார் பி.டி. மாஸ்டர்.

பள்ளியின் முதல் மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள்.

"நீங்க போங்க, எனக்கு வீடு பக்கத்துலதான்," என்றாள் சுகுணவதி. இதைச் சொல்வதற்காகவே அத்தனை வருடமும் விடியற்காலை ரயில் பிடித்திருந்தாள்.

இரண்டு பஸ் மாறி வரும் அறிவியல் டீச்சர் பெனிட்டா மட்டும் போகாமல் தயங்கி நின்றாள். "அக்கா, உங்க வீட்ல ஒரு போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா?"

சுகுணவதி இடது காலைத் தூக்கி, அதன் கீழே இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கிழக்குப் பார்த்த போர்ஷன். அட்வான்ஸ்லாம் வேணாம்மா," என்றாள். "செருப்பை மட்டும் வெளிய விட்டுட்டு வா."