கிணறு மூடக் கல்

"ஒரு கிணத்தை மூட எவ்வளவு கல் வேணும், முதலாளி?"

தம்பலகாமம் றோட்டில் உடைத்த கருங்கல் விற்கும் நிக்கலஸ் நிமிர்ந்து பார்த்தார். கிண்ணியாவிலிருந்து வந்த ஸுல்பிகா மூச்சிரைக்க நின்றாள்.

"ஆழம், அகலம் சொல்லுங்கோ தங்கச்சி."

"இப்ப இருபதடி இருக்கும். வாய் அஞ்சடி."

நிக்கலஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். "நாலு கியூப் வேணும். ரெண்டு லொறி. ஆனா கிணறு மூட ஆரும் கல் வாங்குறதில்லை. மணல் போட்டாலே காணும்."

"மணல் வேணாம். மணலெண்டா அவர் திரும்பத் தோண்டிப்போடுவார்."

"ஆர்?"

"என்ர மனிசன். நாளைக்கு ஆஸ்பத்திரியால வந்திடுவார். அதுக்குள்ள மூடணும்."

ஏதோ குடும்பச் சண்டை என்று நிக்கலஸ் நினைத்தார். "அவர் வரட்டும் தங்கச்சி. அவரையும் கேட்டுச் செய்வம்."

ஸுல்பிகா அவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வந்தா இறங்கிடுவார்! தோண்டத் தோண்ட இடியுது. நேத்துக் கழுத்தளவு புதைஞ்சவரை ஊரே சேர்ந்து இழுத்தெடுத்தது. நான் அழுதும் கேக்கிறாரில்லை."

"தண்ணிக்காக உயிரை விடுறதோ?" நிக்கலஸ் எழுந்து லொறியில் கல் ஏற்றச் சொன்னார்.

லொறி புறப்படும்போது அவள் ஓடிவந்தாள்.

"கல்லை மெல்லமாக் கொட்டச் சொல்லுங்கோ முதலாளி. போன கிழமை கிணறு வெட்டேக்க இடிஞ்ச மண்ணுக்குள்ள எங்கட மகன் கிடக்கிறான். அவன்ர மையித்தை எடுத்து அடக்கத்தான் அவன்ர வாப்பா இறங்குறவர்."

நிக்கலஸ் டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே லொறியில் ஏறினார்.